எல்லா ஆட்டத்துக்கும் ஒரே மட்டை: எந்தப் பிக்கல்பால் பேடலை வாங்குவது?

“புது மட்டை வாங்கணும்” என்று வீட்டில் ஒருநாள் சொன்னேன். அம்மா தலையை நிமிர்த்திப் பார்த்தார். செம்பனைத் தோட்டத்தில் வெட்டி விழுந்த மட்டைகளை இழுத்து அடுக்கியே கை காய்த்துப் போனவர். “மட்டையைக் காசு கொடுத்து வாங்குவானாடா எவனாவது?” என்றார். விலையை நான் சொல்லவில்லை.

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்தில் நாங்கள் ஆடுவது பழைய தோட்டத்துப் பூப்பந்துக் களத்தில். சிமெண்டுத் தரை, இரண்டு விளக்குக் கம்பங்கள், ஒரு மூலையில் மழைத்தண்ணீர் தேங்கும் பள்ளம். பிக்கல்பால் இங்கே வந்து ஒட்டிக்கொண்டதற்குக் காரணம் எளிது. அதன் களமும் பூப்பந்து இரட்டையர் களமும் ஒரே அளவு: 44 அடி நீளம், 20 அடி அகலம். 1965-ல் அமெரிக்காவின் பெயின்பிரிட்ஜ் தீவில் இந்த ஆட்டம் பிறந்ததே ஒரு வீட்டின் பழைய பூப்பந்துக் களத்தில்தான். பூப்பந்துச் சாமான்கள் கிடைக்காததால் மேசைப்பந்து மட்டையும் ஓட்டைப் பிளாஸ்டிக் பந்தும் வைத்து ஆடிப் பார்த்திருக்கிறார்கள். நாங்களும் வலையை ஓரத்தில் 36 அங்குலம், நடுவில் 34 அங்குலமாக இறக்கிக் கட்டினோம். வலையை ஒட்டிய பகுதியைக் ‘கிச்சன்’ என்பார்கள். அதன் கோடு மட்டும் பூப்பந்தின் முன்கோட்டைவிட அரை அடி தள்ளி வர வேண்டும். அங்கே டேப் ஒட்டினோம். களம் தயார்.

மட்டை விஷயம்தான் இவ்வளவு சுலபமாக முடியவில்லை. அண்மையில் நான்கு பேர் என்னிடம் ஒரே கேள்வியோடு வந்தார்கள். பள்ளி நாளிலிருந்து பூப்பந்து ஆடிய, இருபத்திரண்டு வயதுத் தம்பி ஒருவர். தோள்பட்டை வலியோடு ஆட வரும், ஐம்பது தாண்டிய அக்கா ஒருவர். ஆளுக்கொரு மட்டை வாங்கக் கணக்கு இடிக்கிறது, ஒன்றை வாங்கி மாற்றி மாற்றி ஆடலாமா என்று கேட்ட கணவன் மனைவி. எல்லாருக்கும் கடையில் கிடைத்த பதில் ஒன்றே: “ஆல்-கோர்ட் எடுங்க, எல்லாத்துக்கும் சரியா வரும்.”

‘ஆல்-கோர்ட்’ என்றால்

மட்டைகளைப் பவர், கண்ட்ரோல், ஆல்-கோர்ட் என்று மூன்றாகப் பிரிப்பது விற்பவர்களின் வழக்கம். ஆட்ட விதியில் அப்படி ஒரு பிரிவே கிடையாது. பின்கோட்டிலிருந்து ஓங்கி அடிக்கவும், வலைக்கு அருகே மெதுவாக டிங்க் போடவும் (பந்தை எதிர்ப்பக்கக் கிச்சனுக்குள் இறங்கும்படி தட்டவும்), முகத்துக்கு நேரே வரும் பந்தைச் சட்டென்று தடுக்கவும் ஒரே மட்டை ஓரளவு உதவினால் அதை ஆல்-கோர்ட் என்கிறார்கள். ‘ஓரளவு’ என்ற சொல்லைக் கவனியுங்கள். நான் கையில் எடுத்துப் பார்த்த ஒவ்வோர் ஆல்-கோர்ட் மட்டையும் ஏதாவது ஒரு பக்கம் சாய்ந்துதான் இருந்தது. அது எந்தப் பக்கம் சாய்கிறது, நாம் எந்தப் பக்கம் சாய்கிறோம் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

எதை வைத்து அளப்பது

முதலில் எடை. பெரும்பாலான மட்டைகள் 7.5 முதல் 8.5 அவுன்ஸுக்குள் வரும். கிராமில் ஏறக்குறைய 212 முதல் 240. நம்மாட்கள் பிடித்துப் பழகிய பூப்பந்து ராக்கெட் 80 முதல் 90 கிராம்தான். அதாவது, கிட்டத்தட்ட இரண்டரை மடங்கு எடையை அதே மணிக்கட்டு வேகத்தில் சுழற்றப் பார்க்கிறோம். முதல் மாதத்தில் பாதிப் பேர் முழங்கையைத் தேய்த்துக்கொண்டு வருவது இதனால்தான்.

தராசு காட்டும் எடையைவிட, வீசும்போது கை உணரும் எடைதான் முக்கியம். விற்பவர்கள் ‘ஸ்விங் வெயிட்’ என்பார்கள். தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. குலை வெட்டும் அரிவாளைக் கையில் பிடித்தால் பெரிய பாரமில்லை. அதையே உயர்ந்த மரத்துக்காக நீளக் கம்பின் நுனியில் கட்டித் தூக்கிப் பாருங்கள், பத்து மரம் தாண்டுவதற்குள் தோள் இறங்கிவிடும். பாரம் எவ்வளவு என்பதோடு அது கையிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதும் சேர்கிறது. மட்டையிலும் அப்படித்தான். ஒரே 225 கிராம் இரண்டு மட்டைகளில், தலை கனத்தது வலைக்கு அருகே கையைத் தாமதப்படுத்தும்.

இரண்டாவது தடிமன். உள்ளே இருப்பது தேன்கூடு போன்ற பாலிப்ரொப்பிலீன் பிளாஸ்டிக். 16 மில்லிமீட்டர் மட்டையில் பந்து ஒரு கணம் தங்கிப் போவது போலிருக்கும், அதிர்ச்சியும் கைக்கு அதிகம் ஏறாது. 13, 14 மில்லிமீட்டர் ஆனால் பந்து பட்டென்று கிளம்பும். வேகம் கூடும். நடுவில் படாத அடிக்குத் தண்டனையும் கூடும்.

மூன்றாவது வடிவம். இங்கே ஒரு விதி எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது: மட்டையின் நீளமும் அகலமும் சேர்ந்து 24 அங்குலத்தைத் தாண்டக் கூடாது, நீளம் மட்டும் 17 அங்குலத்தைத் தாண்டக் கூடாது. எனவே நீளத்தைக் கூட்டுகிறவர் அகலத்தைக் குறைத்தே ஆக வேண்டும். கடைக்காரர் “இது எட்டும் தூரமும் தரும், அகலமும் தரும்” என்று சொன்னால் தலையாட்டிவிட்டு வந்துவிடுங்கள்.

மேற்பரப்பில் இப்போது பெரும்பாலும் சொரசொரப்பான கார்பன் இழைதான். மலிவான ரகங்களில் கண்ணாடியிழை இருக்கும். அதில் பந்து துள்ளிப் போகும், சுழற்சி குறைவு. கெவ்லார் இழையும் வருகிறது. எங்கள் மட்டத்து ஆட்டத்தில் அதற்கும் கார்பனுக்கும் பெரிய வேறுபாடு எனக்குத் தெரியவில்லை.

கைப்பிடியைப் பலர் பார்ப்பதே இல்லை. 5.5 அங்குல நீளப் பிடி இரண்டு கையால் பேக்ஹேண்ட் அடிப்பவர்களுக்கு. பூப்பந்து, மேசைப்பந்து ஆடியவர்கள் ஆட்காட்டி விரலை மட்டையின் முகத்தில் வைத்துப் பிடிப்பார்கள். அவர்களுக்கு 5 அங்குலமே தாராளம். சுற்றளவு 4 முதல் 4.5 அங்குலம் வரை கிடைக்கும். சிறியதை வாங்கி, பிடியின் மேல் சுற்றும் பட்டையான ஓவர்கிரிப் சுற்றிப் பெரிதாக்கலாம், பெரியதைச் சிறிதாக்க முடியாது.

| வடிவம் | நீளம் × அகலம், ஏறக்குறைய (அங்குலம்) | எந்தப் பக்கம் சாயும் | எங்கே திணறும் |
|---|---|---|---|
| அகலம் | 16 × 8 | தடுப்பு, டிங்க், வலையோரக் கைவேகம் | எட்டாத பந்து, பின்கோட்டு அடி |
| ஹைபிரிட் | 16.3 × 7.7 | நடுவாந்திரம் | எதிலும் முதலிடம் இல்லை |
| நீளம் | 16.5 × 7.5 | எட்டும் தூரம், ஓங்கிய அடி, ஒற்றையர் | உடம்புக்கு நேரே வரும் பந்து |

அகல வடிவம், 16 மில்லிமீட்டர்

பார்க்க அழகில்லாத, சதுர முக மட்டை. இளைஞர்கள் தொடமாட்டார்கள். சிஆர்பிஎன் 2 போன்றவை இந்த வகை.

இதன் பலம், பந்து நடுவில் படாவிட்டாலும் மட்டை கையில் திருகாமல் நிற்பது. ஓரங்களில் பொருள் அதிகம் இருப்பதால் முறுக்கைத் தாங்குகிறது. பந்து சுத்தமாகக் கிளம்பும் இடம், அதாவது ‘ஸ்வீட் ஸ்பாட்’, அகலமாக இருக்கிறது. தலை பாரம் குறைவு, அதனால் வலையோரத்தில் நாலு பேரும் நின்று பட்பட்டென்று அடித்துக்கொள்ளும்போது கை முந்தும். இரட்டையர் ஆட்டம் மட்டுமே ஆடும் நம் மாதிரி ஆட்களுக்கு இது பெரிய விஷயம். எங்கள் களத்தில் ஒற்றையர் ஆடினால் வரிசையில் காத்திருப்பவர்கள் விட்டுவைக்க மாட்டார்கள்.

குறை எட்டும் தூரம்தான். நீள மட்டையோடு பார்த்தால் அரை அங்குலம் குறைவு. கேட்க ஒன்றுமில்லை, ஓரக்கோட்டுப் பந்துக்கு ஓடும்போது தெரியும். ஓங்கி அடித்தால் வேகத்தை மட்டை தராது, கைதான் தர வேண்டும்.

தோள்பட்டை அக்காவுக்கு இதுதான் என்று எனக்குச் சந்தேகமே இல்லை. 8 அவுன்ஸுக்குக் குறைந்ததாகப் பார்க்கச் சொன்னேன். ரொம்பவும் எடை குறைந்ததையும் தேட வேண்டாம். மட்டை இலேசாக இருந்தால் வேகமாக வரும் பந்தின் அதிர்ச்சி முழுவதும் கைக்கே போகும்.

நீள வடிவம், 14 மில்லிமீட்டர்

எல்லாரும் ஆசைப்படுவது இதற்குத்தான். தொழில்முறை ஆட்டக்காரர் பென் ஜான்ஸின் பெயரோடு வரும் ஜூலா பெர்சியஸ் இந்த வடிவம், 14, 16 இரண்டு தடிமனிலும் வந்திருக்கிறது. இவற்றில் பல ‘தெர்மோஃபார்ம்’ முறையில், சூடும் அழுத்தமும் கொடுத்து ஒரே துண்டாக வார்க்கப்படுகின்றன. ஓரத்தைச் சுற்றி நுரை நிரப்புவார்கள். மட்டை விறைப்பாகும், அடி கனமாக இறங்கும்.

நானும் முதலில் வாங்கியது நீள வடிவம்தான். கதையைச் சொல்லிவிடுகிறேன். பெரிய கம்பெனி முத்திரை போட்ட மட்டை, இணையக் கடை ஒன்றில் பாதி விலை. வாங்கினேன். மூன்றாவது வாரம் ஓரப்பட்டை கழன்றது. அப்புறம் சத்தம் மாறியது, டொக் என்பது டப் என்றானது. மட்டையின் வரிசை எண்ணைக் கம்பெனியின் தளத்தில் பதிந்து பார்த்தால் அப்படி ஒரு மட்டையே இல்லை. போலி. விற்றவர் பதிலே போடவில்லை.

சரி, அசலே ஆனாலும் இது யாருக்கு? டென்னிஸ் பழக்கத்தோடு வந்தவர், இரண்டு கை பேக்ஹேண்ட் அடிப்பவர், ஒற்றையர் ஆடுபவர், மட்டையைக் கடைசி வரை வீசி முடிக்கத் தெரிந்தவர். இவர்களுக்கு இதுவே சரி. அந்த எட்டும் தூரத்தை ஒருமுறை ருசித்தவர்கள் அகல மட்டைக்குத் திரும்பமாட்டார்கள்.

பூப்பந்துத் தம்பி கேட்டதும் இதைத்தான். “அண்ணே, ஸ்மாஷ் இறங்கணும்” என்றார். இங்கேதான் நான் முரண்படுகிறேன். பூப்பந்தில் இறகு காற்றில் தானே வேகத்தை இழந்துவிடும், எவ்வளவு ஓங்கினாலும் களத்துக்குள் விழ வாய்ப்பிருக்கிறது. அந்தக் கை அப்படித்தான் பழகியிருக்கிறது. பிளாஸ்டிக் பந்து அவ்வளவு சீக்கிரம் வேகம் இழக்காது, பின்கோட்டைத் தாண்டிச் செம்பனைக்குள் போய் விழும். மேலும், சர்வ் ஒரு முறை, அதற்கான பதில் ஒரு முறை என்று இரண்டு பக்கமும் பந்து தரையில் பட்ட பிறகுதான் நேரடியாக அடிக்கலாம். அதனால் மூன்றாவது அடியை மெதுவாகக் கிச்சனுக்குள் இறக்கத் தெரிந்தவன்தான் வலைக்கு நிம்மதியாகப் போகிறான். தம்பியிடம் வேகம் ஏற்கெனவே தேவைக்கு மேல் இருக்கிறது. 14 மில்லிமீட்டர் அதைக் கூட்டும், அவருக்கு வேண்டியது குறைப்பது.

மறைந்திருக்கும் செலவு இந்த வகையில்தான் அதிகம். விலையே மற்றவற்றைவிடக் கூடுதல். ஆரம்பகாலத் தெர்மோஃபார்ம் மட்டைகளில் உள்ளே தேன்கூடு நொறுங்குவதும் மேல்தோல் பிரிவதும் பரவலாக நடந்தது. அப்படி ஆனால் மட்டை திடீரென்று அதிக வேகம் தர ஆரம்பிக்கும். சந்தோஷப்படாதீர்கள், போட்டியில் அது செல்லாது. உத்தரவாதம் இருந்தாலும் வெளிநாட்டுக்குத் திருப்பி அனுப்பும் செலவு நம் தலையில் விழலாம், வாங்கும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். தாழ்ந்த பந்தை எடுக்கும்போது நீள மட்டையின் நுனி சிமெண்டில் உரசுகிறது. வழவழப்பான உள்ளரங்கத் தரையில் இது ஒரு பொருட்டே இல்லை, எங்கள் தரையில் மாதத்துக்கு ஒரு ஓரப் பாதுகாப்பு டேப் போய்விடுகிறது.

ஹைபிரிட், 16 மில்லிமீட்டர்

நான் இப்போது ஆடுவது இந்த வகை. நீளத்துக்கும் அகலத்துக்கும் நடுவில் நிற்கும், தோள் பகுதி வளைந்த வடிவம். சிக்ஸ் சீரோ என்ற ஆஸ்திரேலியக் கம்பெனியின் டபிள் பிளாக் டைமண்ட் இதில் பெயர் பெற்றது. அதிலும் 14, 16 இரண்டும் உண்டு.

இதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை, அதுதான் இதன் குணம். எங்கும் தலைகுப்புற விழ விடாது. நீள மட்டைக்காரனோடு ஓங்கி அடிப்பதில் தோற்பேன், அகல மட்டைக்காரனோடு வலையோரத்தில் கொஞ்சம் தடுமாறுவேன். ஆனால் இரண்டு பேரோடும் ஆட்டத்தில் நிற்கிறேன்.

இன்னொரு நன்மை: இதைத் திருத்திக்கொள்ளலாம். மட்டையின் இரண்டு பக்கவாட்டிலும், கடிகாரத்தில் மூன்றும் ஒன்பதும் இருக்கும் இடத்தில், இரண்டு மூன்று கிராம் எடை டேப் ஒட்டினால் திருகுவது குறையும். உச்சியில் ஒட்டினால் அடி கனக்கும், கை தாமதமாகும். ஈய டேப் மலிவு. அதைத் தொட்டால் கை கழுவ வேண்டும், குழந்தைகள் இருக்கும் வீட்டில் டங்ஸ்டன் டேப் நல்லது.

கணவன் மனைவிக்கு நான் சொன்னது இதையே. சிறிய பிடியுள்ளதாக வாங்கி, கணவர் ஆடும்போது ஓவர்கிரிப் ஒன்று கூடுதலாகச் சுற்றிக்கொள்ளலாம் என்றேன். “ஒவ்வொரு தடவையும் சுத்தி எடுக்கிறதுக்குள்ள ஆட்டமே முடிஞ்சிடும்” என்று மனைவி சொன்னார். நியாயம்தான். அப்புறம் யோசித்து வேறு கணக்குப் போட்டோம். பெரிய பெயர் போட்ட மட்டை ஒன்றுக்கு அவர்கள் ஒதுக்கிய காசில், பெயர் தெரியாத, அதே கார்பன் முகமும் 16 மில்லிமீட்டரும் உள்ள நடுத்தர விலை மட்டைகள் இரண்டு வாங்கலாம். இரட்டையரில் கணவனும் மனைவியும் ஒரே பக்கம் நின்று ஆட வேண்டாமா? ஒரு மட்டையை வைத்து எப்படி ஆடுவார்கள்? இதை முதலிலேயே யோசிக்காதது என் தப்பு.

முழு நுரை மட்டைகளும் மலிவு செட்டுகளும்

தேன்கூட்டுக்குப் பதில் உள்ளே முழுக்க நுரை வைத்த மட்டைகள் இப்போது வந்துள்ளன. தேன்கூடு இல்லாததால் அது நொறுங்கும் பேச்சில்லை, தொடுகை மென்மை. ஒரு நண்பரின் மட்டையில் இரண்டு ஆட்டம் ஆடினேன், பிடித்திருந்தது. ஆனால் நான் பார்த்தவற்றின் விலை உச்சத்தில் இருந்தது. வாரம் நாலு நாள் ஆடி வருடத்துக்கு ஒரு மட்டையைத் தீர்ப்பவர் மட்டும் யோசிக்கலாம்.

இரண்டு மட்டையும் நாலு பந்துமாகப் பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) கூடக் கிடைக்கும் செட்டுகளை நான் குறை சொல்லமாட்டேன். இந்த ஆட்டம் ஒத்துவருமா என்று ஒரு மாதம் பார்க்க அது போதும். மரமட்டையை மட்டும் தவிர்க்கவும், கை கடுக்கும்.

விலைச்சீட்டில் இல்லாதவை

வியர்வை. ஏசி இல்லாத இடத்தில் இரவு எட்டு மணிக்கு ஆடினாலும் கைப்பிடி ஊறிவிடும். ஓவர்கிரிப்பை நான் பத்து நாளுக்கு ஒருமுறை மாற்றுகிறேன். வருடக் கணக்கில் அது ஒரு நல்ல தொகை.

கார். வெயிலில் நிற்கும் காருக்குள் மட்டையை விடாதீர்கள், முக்கியமாகத் தெர்மோஃபார்ம் வகையை. சூட்டில் பசை தளர்ந்து தோல் பிரியும்.

சொரசொரப்பு. கார்பன் முகம் ஆட ஆட வழுக்கிக்கொண்டே வரும். மட்டை உடையாது, பந்து சுழலாது, அவ்வளவுதான். சுழற்சியை நம்பி விலை உயர்ந்த மட்டை வாங்குபவர்கள் இதைக் கணக்கில் சேர்க்க வேண்டும். எங்கள் களத்து மண் துகள் பந்தில் ஒட்டி வருவதால் முகத்தை அடிக்கடி துடைக்கவும் வேண்டியிருக்கிறது.

பந்து. வெளிக்களத்துக்கு 40 ஓட்டைப் பந்து, உள்ளரங்கத்துக்கு 26 ஓட்டைப் பந்து. சூட்டில் பந்து இளகி மெதுவாகிறது. மாலை ஐந்து மணிக்கு “இந்த மட்டையில் பவரே இல்லை” என்று சொன்னவர், இரவு ஒன்பதுக்கு அதே மட்டையைப் பாராட்டியதைப் பார்த்திருக்கிறேன். மட்டையை மாற்றும் முன் பந்தை மாற்றிப் பாருங்கள்.

போட்டி. பெயர் கொடுக்கும் எண்ணம் இருந்தால், மட்டை அங்கீகரிக்கப்பட்ட பட்டியலில் இருக்கிறதா என்று அன்றைக்கே பார்க்கவும். 2024 மே மாதம் யுஎஸ்ஏ பிக்கல்பால் அமைப்பு பிரபலமான சில மட்டைகளையே பட்டியலிலிருந்து எடுத்தது. காசு கொடுத்து வாங்கியவர்கள் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள்.

தம்பி இன்னும் சமாதானம் ஆகவில்லை. என் ஹைபிரிட்டைக் கொடுத்து ஒரு வாரம் ஆடச் சொல்லியிருக்கிறேன். அது வரைக்கும் எனக்கு மகனின் பழைய செட்டு மட்டைதான். முதல் நாளே அதில் மூன்றாவது அடியை வலையில் அடித்தேன். காத்திருந்த வரிசையிலிருந்து அக்கா குரல் கொடுத்தார்: “மட்டை சரியில்லைன்னு மட்டும் சொல்லிடாதீங்க தம்பி.”